வார்ட்ரோப்பை எந்தச் சுவரில் போடலாம்?

கேள்வி: எங்களுடையது சொந்த வீடுதான், ஆனால் சின்னது. ஒரு ஹால், ஒரு பெட்ரூம், சமையலறை, ஒரு குளியலறை, துணி காயப்போடும் அளவுக்கு ஒரு பால்கனி. நான், கணவர், ஆறு வயது மகள், மாமியார் என்று நான்கு பேர். பெட்ரூம் 10க்கு 11 அடி. குளியலறைச் சுவரை ஒட்டி ஒரு மர அலமாரி நிற்கிறது. அதில் துவைத்து வைத்த துணியை எடுத்தால் ஈர வாடை அடிக்கிறது, கீழ்த்தட்டில்தான் அதிகம். குளியலறைக்கு மேலே இருக்கும் லாஃப்டில் வைத்தால் சில மாதத்திலேயே தூசி படிந்துவிடுகிறது. துணிக்கும் சர்டிஃபிகேட்டுக்கும் மூடி வைக்கிற மாதிரி, சுத்தமாக ஓர் இடம் வேண்டும். ஜன்னல் இருக்கும் வெளிச்சுவர் முழுக்க வார்ட்ரோப் அடிக்கலாம் என்கிறார் கார்பென்டர். அடியில் பெட்டி வைத்த ஹைட்ராலிக் கட்டில் வாங்கலாம் என்கிறார் கணவர். லாஃப்டுக்குக் கதவு போட்டால் போதும் என்கிறார் மாமியார். பால்கனியில் ஒரு பகுதியை அடைத்துவிடலாமா என்பது என் யோசனை. ஹாலை ஒட்டிய சுவரில், கதவு போக மீதி 7 அடியில், இப்போது ஒரு டிரெஸ்ஸிங் டேபிள் மட்டும் இருக்கிறது. எதைச் செய்வது?

பதில்: வணக்கம். ஆளுக்கொரு இடம் சொல்லியிருக்கிறீர்கள். நான் ஐந்தாவதாக ஒன்றைச் சொல்லப் போகிறேன், வீட்டில் சண்டை வந்தால் பழியை என் மேல் போட்டுவிடுங்கள். நீங்கள் கடைசி வரியில் போகிற போக்கில் எழுதிய அந்த டிரெஸ்ஸிங் டேபிள் சுவர்தான் என் தேர்வு. அதற்கு இரண்டு பக்கமும் அறை, வெயிலோ மழையோ நேராகப் படாது, உள்ளே தண்ணீர்க் குழாய் ஓடவும் வாய்ப்பு குறைவு. உங்கள் வீட்டிலேயே காய்ந்த சுவர் அதுவாகத்தான் இருக்க வேண்டும். மற்ற நான்கையும் ஒரேயடியாகத் தள்ளவில்லை, ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருக்கிறது, ஆனால் துவைத்த துணிக்கும் சர்டிஃபிகேட்டுக்கும் அவை சரிப்படாது.

அளவெடுக்கக் கார்பென்டரைக் கூப்பிடுவதற்கு முன்னால் பழைய அலமாரி ஏன் அப்படி வாடை அடிக்கிறது என்று தெரிந்தாக வேண்டும், ஏனென்றால் காரணம் தெரியாமல் புதிதாக எதை அடித்தாலும் ஒரே வருடத்தில் அதற்கும் அதே வாடை வந்துவிடும். கீழ்த்தட்டில் அதிகம் என்று எழுதியிருக்கிறீர்களே, அது நல்ல துப்பு. அலமாரியைக் காலி செய்து, சுவரிலிருந்து ஒரு முழம் இழுத்துப்போட்டு, பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருக்கிறதா, வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறதா, அலமாரியின் பின்பலகையில் கறுப்பாகவோ சாம்பல் பச்சையாகவோ புள்ளி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். ஓதம் தெரிந்தால் அதன் விளிம்பில் பென்சிலால் ஒரு கோடு போட்டுத் தேதியையும் எழுதி வையுங்கள். இரண்டு வாரம் கழித்து ஈரம் கோட்டைத் தாண்டியிருந்தால் தண்ணீர் இன்னும் வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை என்றாலும் விட்டுவிடாதீர்கள். இரண்டடிக்கு இரண்டடி ஒரு கெட்டியான பிளாஸ்டிக் தாளை எடுத்து, சுவரை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, நான்கு ஓரத்தையும் இடைவெளி இல்லாமல் டேப் போட்டு ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளுக்கு உள்பக்கம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம், நீர் முத்து முத்தாக நின்றால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் நனைந்திருந்தால் சுவர் பாவம், அது ஒன்றும் செய்யவில்லை, அறைக் காற்றில் இருக்கிற ஈரம்தான் அங்கே வந்து படிகிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. முதலாவதற்கு பிளம்பர் வேண்டும், இரண்டாவதற்கு ஜன்னலைத் திறந்தாலோ ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டினாலோ போதும். இதே சோதனையை நான் சொல்கிற ஹால் பக்கத்துச் சுவரிலும், கார்பென்டர் சொல்கிற வெளிச்சுவரிலும் செய்துவிடுங்கள். என் பேச்சை நம்பிப் பணம் போட வேண்டாம், தாளைப் பார்த்துவிட்டுப் போடுங்கள். முடிந்தால் மழை பெய்கிற நாட்களில் செய்யுங்கள், நல்ல வெயில் காலத்தில் எல்லாச் சுவரும் யோக்கியமாகத்தான் தெரியும்.

குளியலறைச் சுவரில் உள்பக்கம் நனைகிறது என்றால் அடுத்து ஒரு வேலை. வீட்டுக்குத் தனி வாட்டர் மீட்டர் இருந்தால், எல்லாக் குழாயையும் மூடி மீட்டரின் எண்ணைக் குறித்துக்கொண்டு, இரண்டு மணி நேரம் யாரும் தண்ணீர் புழங்காமல் இருந்து மறுபடி பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் வீட்டுக்குள் ஓடும் குழாயில் எங்கோ ஒழுக்கு இருக்கிறது. நகரவில்லை, ஆனாலும் சுவர் நனைகிறது என்றால் குளிக்கும்போது தெறிக்கிற தண்ணீர் டைல் இடுக்கு வழியாகவோ, தரையும் சுவரும் சேரும் மூலை வழியாகவோ, கழிவுநீர்க் குழாயின் இணைப்பிலிருந்தோ இறங்குகிறது. கீழ்த்தட்டு வாடையை வைத்துப் பார்த்தால் எனக்கு இந்த இரண்டாவது சந்தேகம்தான் அதிகம். டைல் இடுக்கைச் சுரண்டி மறுபடி கிரவுட், அதாவது இடுக்கை அடைக்கும் பூச்சு, பூசுவது பெரிய வேலை இல்லை, வார்ட்ரோப் வேலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. அதை முதலில் முடியுங்கள். முடித்த பிறகும் சுவர் காய வாரக்கணக்கில் ஆகும், அதற்குள் பெயின்ட் அடித்து மூடிவிடாதீர்கள்.

சரி, இப்போது கார்பென்டரின் வெளிச்சுவர். நீளமான சுவர், பார்க்க எடுப்பாக இருக்கும், சதுர அடிக் கணக்கில் வேலை செய்பவருக்கு அதைவிட நல்ல சுவர் கிடைக்காது. சிக்கல் என்னவென்றால், வெளிச்சுவர் மழையை வாங்குகிறது, இரவில் மற்ற சுவர்களுக்கு முன்னால் குளிர்ந்துவிடுகிறது. குளிர்ந்த நீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்பக்கம் வியர்ப்பதுபோல, அறையின் ஈரக் காற்று அந்தக் குளிர்ந்த சுவரில் பட்டு நீராகிறது. திறந்த சுவரில் இது நடந்தால் விடிந்ததும் காற்றில் காய்ந்துவிடும். சுவரை ஒட்டித் தரையிலிருந்து கூரை வரை பலகை அடித்துவிட்டால் காய வழியே இல்லை, அதற்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியவும் தெரியாது. பூஞ்சை வளர வெள்ளம் எல்லாம் தேவையில்லை. அறைக் காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருப்பது நல்லது என்பார்கள். அதற்கு மேலேயே பல நாள் நின்றால், காற்றோட்டம் இல்லாத மூலைகளில் அது இன்னும் ஏறி, துணியிலும் தோலிலும் பலகையிலும் பூஞ்சை பிடிக்க ஆரம்பிக்கும். ராமபாணப் பூச்சிக்கும் இப்படிப்பட்ட ஈரமான இருட்டுதான் சொர்க்கம். காற்றின் ஈரப்பதத்தை அளக்கும் ஹைக்ரோமீட்டர் உள்ளங்கை அளவில் கிடைக்கிறது. ஒன்று வாங்கிச் சந்தேகப்படும் மூலையில் ஒரு வாரம் வைத்துப் பாருங்கள், நாற்பது ஆலோசனைகளைவிட அது உபயோகம்.

வெளிச்சுவரில்தான் போட்டாக வேண்டும் என்று யாருக்காவது நிலைமை வரலாம். அவர்கள் சுவருக்கும் பின்பலகைக்கும் நடுவே இரண்டு இன்ச் விட்டு, கீழேயும் மேலேயும் காற்று போய்வர வழி வைத்து அடிக்க வேண்டும். உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

பால்கனியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அடைக்காதீர்கள். துணி காய்கிற இடம் அது. அதை அடைத்தால் ஈரத் துணி வீட்டுக்குள் வந்து காயும், அந்த ஈரம் முழுக்க அலமாரிக்குப் போகும். துடைப்பம், பக்கெட், தொட்டிச் செடிச் சாமான், கருவிப் பெட்டி இவற்றுக்குச் சுவரோடு ஒரு குறுகலான பிளாஸ்டிக் அல்லது உலோக அலமாரி வைத்துக்கொள்ளுங்கள், அதோடு போதும்.

மாமியார் சொல்வதில் பாதி சரி. லாஃப்டுக்குக் கதவு போட்டால் தூசி நிச்சயம் குறையும். ஆனால் குளியலறைக்கு மேல் இருக்கும் லாஃப்ட் என்பதால், அதன் திறப்பு குளியலறைக்குள் இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பது முக்கியம். உள்ளே இருந்தால் ஒவ்வொரு வெந்நீர்க் குளியலின் ஆவியும் நேராக அங்கேதான் ஏறுகிறது, கதவு போட்டால் உள்ளே போன ஆவி வெளியே வராமல் இன்னும் மோசமாகும். வெளியே திறந்தால் பரவாயில்லை, கதவு போடுங்கள். எப்படி இருந்தாலும் அங்கே வைப்பது வருடத்துக்கு ஓரிரு முறை எடுக்கிற, ஈரத்துக்கு அசையாத, கனமில்லாத பொருள்கள்: காலி சூட்கேஸ், பிளாஸ்டிக் நாற்காலி, உபரிப் பாத்திரம் இப்படி. ஸ்டூல் போட்டு ஏறித் தலைக்கு மேலே கையை நீட்டி எடுக்கிற இடத்தில் கனமான பெட்டியை வைப்பது எனக்குப் பிடிக்காத விஷயம், எடுக்கிறவர் வயதானவராக இருந்துவிட்டால் அதைவிட ஆபத்து வேறில்லை.

கணவரின் கட்டில் யோசனை எனக்குக் கொஞ்சம் பிடித்திருக்கிறது. கட்டிலுக்கு அடியில் போகிற இடம் உண்மையில் பெரியது. உபரித் தலையணை, கம்பளி, விருந்தாளிக்கு எடுக்கும் படுக்கை எல்லாம் அங்கே போகலாம். ஆனால் ஹைட்ராலிக் மாடலில் மெத்தையோடு மூடியைத் தூக்கித்தான் எதையும் எடுக்க முடியும். அந்தத் தூக்கும் கம்பிகள் நாளாக நாளாகத் தளரும், தளர்ந்த மூடிக்குக் கீழே ஆறு வயதுக் குழந்தை தலையை விட்டுப் பார்க்கும் வாய்ப்பை நான் ஏற்கமாட்டேன். பக்கவாட்டில் இழுக்கிற டிராயர் கட்டில் என்றால் சம்மதம். அதற்கும் இரண்டு நிபந்தனை. மெத்தைக்கு அடியில் முழுப் பலகைக்குப் பதில் இடைவெளி விட்ட சட்டங்கள் இருக்க வேண்டும், இல்லையென்றால் உடம்பு வியர்வை மெத்தைக்குள்ளேயே தங்கும். டிராயர் தரையில் உட்காராமல், துடைப்பம் போகும் அளவுக்குச் சில இன்ச் மேலே நிற்க வேண்டும். டிராயர் இழுக்கப் பக்கத்தில் இடம் இருக்கிறதா என்று அளந்துவிட்டுப் பேசுங்கள், அதையும் பலர் வாங்கிய பிறகுதான் பார்க்கிறார்கள்.

இனி அந்த ஹால் பக்கத்துச் சுவர். பெட்ரூமின் நீளம் 11 அடி, அதாவது 132 இன்ச். ஹாங்கரில் சட்டை மாட்ட வார்ட்ரோப்பின் ஆழம் 2 அடி வேண்டும். ஹாங்கரே ஒன்றரை அடி அகலம், சட்டைக் கை கதவில் நசுங்காமல் இருக்க மீதி. சுவருக்கும் பலகைக்கும் நடுவே ஓர் இன்ச் விடுங்கள். கட்டிலின் தலைமாடு எதிர்ப்பக்கம் ஜன்னல் சுவரில் இருந்தால், அந்த வெளிச்சுவரிலிருந்து 3 இன்ச் தள்ளி வைத்த ஆறரை அடிக் கட்டில் போக, நடுவே நடக்க 26 இன்ச் மிஞ்சும். நெருக்கம்தான், ஆனால் நடக்கலாம். கட்டிலைப் பக்கவாட்டில் திருப்பினால் இன்னும் இடம் கிடைக்கலாம். பழைய செய்தித்தாளைக் கட்டில் அளவுக்கும் வார்ட்ரோப் அளவுக்கும் வெட்டித் தரையில் விரித்து, ஒருநாள் அதைச் சுற்றியே நடந்து பாருங்கள். அறைக் கதவு முழுக்கத் திறக்கிறதா, சுவிட்ச் போர்டு மறைகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

இடம் நெருக்கம் என்றதும் ஸ்லைடிங் கதவு என்பார் கார்பென்டர். நான் உங்களுக்கு வேண்டாம் என்பேன். ஸ்லைடிங் கதவுக்குத் தண்டவாளம் வைக்க இன்னும் மூன்று நான்கு இன்ச் ஆழம் போகும், கதவுகளுக்கு நடுவே இருக்கும் சந்து வழியாகத் தூசி உள்ளே வரும், கீழ்த் தண்டவாளத்தில் முடியும் நூலும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். ஒன்றேகால் அடி அகலத்தில் குறுகலான கீல் கதவுகளாகப் போடச் சொல்லுங்கள், 26 இன்ச் வழியில் அது தாராளமாகத் திறக்கும். கதவின் ஓரத்தில் மெல்லிய பிரஷ் பட்டை ஒட்டினால் தூசி இன்னும் குறையும்.

7 அடியையும் 2 அடி ஆழத்தில் அடிக்க வேண்டியதில்லை. ஹாங்கருக்கு மூன்றரை அடி அகலம் ஒதுக்கினால் உங்கள் நான்கு பேருக்கும் போதும். மீதியில் மடித்த துணிக்கு 15 இன்ச் ஆழம் போதுமானது. ஆழம் கூடினால் முன்னால் ஒரு வரிசை, பின்னால் ஒரு வரிசை என்று ஆகிவிடும், பின்வரிசையை யாரும் வருடக்கணக்கில் தொடமாட்டார்கள், பூச்சி அங்கேதான் குடியேறும். குளியலறைச் சுவரை முட்டுகிற மூலையில் ஒரு சாண் இடம் விட்டுவிடுங்கள். உயரத்தைக் கூரை வரைக்கும் கொண்டுபோகலாம், இது வெளிச்சுவர் இல்லை என்பதால் எனக்குப் பயமில்லை, மேலே திறந்த தட்டு இருந்தால் அங்கேதான் தூசி படியும். அடியில் மட்டும் 4 இன்ச் உயரத்துக்குப் பீடம் வேண்டும், தரை துடைக்கும் தண்ணீர் பலகையைத் தொடவே கூடாது. மரத்தூளை அழுத்திச் செய்கிற பார்ட்டிகிள் போர்டின் வெட்டிய ஓரம் ஈரம் பட்டால் உப்பிக்கொள்ளும், பிறகு பழைய நிலைக்கு வராது. ஆகவே அடிப்பலகையும் பீடமும் மட்டுமாவது ஈரம் தாங்கும் பிளைவுட்டில் இருக்கட்டும், எல்லா ஓரத்துக்கும் பட்டை ஒட்டச் சொல்லுங்கள், கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்க ஓரத்துக்கும் சேர்த்து. அங்கேதான் வேலையை மிச்சம் பிடிப்பார்கள். அப்புறம், சுவரோடு திருகி இறுக்காமல் உயரமான அலமாரியை விடவே விடாதீர்கள், குழந்தை கீழ் டிராயரைப் படியாக மிதித்து ஏறினால் அப்படியே முன்னால் சாயும்.

இடுப்புக்கும் தோளுக்கும் நடுவில் இருக்கும் தட்டுகள்தான் தங்கம். அதில் பாதியை மாமியாருக்குக் கொடுங்கள், அவர் குனியவோ எட்டவோ வேண்டியிருக்காது. இடுப்பு உயரத்துக்குக் கீழே மகளுக்கு. சர்டிஃபிகேட், பத்திரம், ஆல்பம் இவை உள்சுவரில் நெஞ்சு உயரத்தில், மூடியுள்ள ஒரு பெட்டியில். போட்டோக்களைப் பி.வி.சி. உறையில் போடாதீர்கள், நாளடைவில் ஒட்டிக்கொள்ளும், பாலிபுரொப்பிலீன் உறை நல்லது. மருந்துகளும் இந்த வார்ட்ரோப்பின் மேல்தட்டில், பூட்டுப் போட்ட பெட்டிக்குள் போகட்டும். பலர் மருந்தைக் குளியலறைக் கண்ணாடிக்குப் பின்னாலோ அடுப்புக்குப் பக்கத்திலோ வைக்கிறார்கள், வெப்பமும் ஈரமும் மருந்துக்கு ஆகாது. சமையலறை சிங்க்குக்கு அடியில் சோப்பும் தேய்க்கும் நாரும் தவிர வேறு எதுவும் வேண்டாம், அடியில் ஒரு தட்டு வைத்துவிட்டால் குழாய் கசிந்தால் உடனே தெரியும்.

அட்டைப் பெட்டிகளை வீட்டை விட்டு வெளியே அனுப்புங்கள். அட்டை ஈரத்தை உறிஞ்சும், அதன் மடிப்புகளுக்குள் கரப்பான் பதுங்கும், முட்டையும் வைக்கும். இறுக்க மூடும் பிளாஸ்டிக் பெட்டி நல்லதுதான், ஆனால் உள்ளே போகிற துணி எலும்பு வரை காய்ந்திருக்க வேண்டும். இஸ்திரி போட்ட சூட்டோடு மடித்துப் பெட்டியில் போட்டு மூடினால் நீங்களே ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும், ஒரு மணி நேரம் கட்டில் மேல் ஆறவிடுங்கள். வாடைக்கு அந்துருண்டை போடலாம் என்று யாராவது சொல்வார்கள். அது வாடையை மறைக்குமே தவிர ஈரத்தை எடுக்காது. சிறு குழந்தை மிட்டாய் என்று நினைத்து வாயில் போட்டால் விஷம், ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்கு, பல அந்துருண்டைகளில் இருக்கும் நாப்தலின் ரத்தச் சிவப்பணுக்களையே உடைத்துவிடும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகள் சின்னப் பெட்டிக்குள் உதவும், 7 அடி வார்ட்ரோப்புக்கு அதை நம்பி எதுவும் செய்ய முடியாது.

வேலை முடிந்த அன்றே துணியை அடுக்க வேண்டாம். புதுப் பலகையிலும் பசையிலும் இருந்து ஃபார்மால்டிஹைடு என்ற வாயுவின் வாடை வரும், கண் எரியும். இரண்டு மூன்று வாரம் வார்ட்ரோப் கதவையும் ஜன்னலையும் திறந்து வைத்து ஃபேனை ஓடவிடுங்கள். பழைய அலமாரியின் துணி எல்லாவற்றையும் ஒருமுறை துவைத்து, வெயிலில் காயவைத்து, பிறகுதான் உள்ளே.

பழைய அலமாரியைப் பொறுத்தவரை, பின்பலகையில் மட்டும் பூஞ்சை என்றால் முகக்கவசம் போட்டுக்கொண்டு ஈரத் துணியில் சோப்பு வைத்துத் துடைத்து, வெயிலில் நன்றாக உலர்த்தி, ஹாலில் பொம்மைக்கும் செருப்புக்கும் வைத்துக்கொள்ளலாம். பலகை உப்பிப் பிரிந்திருந்தால் கழித்துவிடுங்கள். அது நின்ற குளியலறைச் சுவரைக் காலியாக விட மனமில்லை என்றால், சுவர் காய்ந்த பிறகு டிரெஸ்ஸிங் டேபிளை அங்கே நகர்த்துங்கள். கால் வைத்த மேஜை என்றால் அடியில் காற்று போகும், சுவர் மறுபடி ஈரமானால் உடனே கண்ணில் படும்.